முன்பாரம்: புரூணோவுக்கு நான் தெரிஞ்செடுத்த பிழையான வண்டில்

ஜேர்மனியில கெல்சென்கிர்ச்சன் நகரத்தில சைக்கிளும் கைவண்டிலும் திருத்துற பட்டறையில கனகாலமாய் வேலை செய்யிறன். புதுசாய் வேலைக்கு வாற ஆக்களுக்கு நான் முதல் சொல்லுறது, ஒரு நாய் எங்கடை முற்றத்தில குந்திப்போட்டு எழும்பாமல் விட்ட கதையைத்தான்.

நாயின்ரை பேர் புரூணோ. மூண்டு வயசு, கரடிக்குட்டி மாதிரி. வளர்க்கிறது தவமணி அக்கா. "இந்த எருமை ஏன் உங்களுக்கு?" எண்டு சனம் பகிடி பண்ணும், அவ காதில போடமாட்டா. முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு அவவுக்குப் பாரம் தூக்க ஏலாது. அவ வாடகைக்கு எடுத்த தோட்டத்துக்குள்ளை கார் விடமாட்டினம். "பராமரிக்காட்டித் திருப்பித் தாங்கோ" எண்டு வாடகைக்குக் குடுத்த தோட்டச் சங்கத்தில இருந்து கடிதமும் வந்திட்டுது.

"தம்பி, மண்மூட்டையைப் புரூணோ இழுப்பான். மிருக வைத்தியரும் ஓமெண்டுட்டார். அவனுக்கு ஏத்த வண்டிலாய்ப் பாத்துத் தாரும்," எண்டா.

நான் எல்லாம் தெரிஞ்ச பெரிய விண்ணன்தானே! ஒடுக்கமான பாதையில திருப்பச் சுகமெண்டு ரெண்டு சில்லு வண்டிலைத் தெரிஞ்செடுத்தன். ஊரில மாட்டுவண்டில் ஓட்டின பழக்கத்தில மூட்டையளை முன்னுக்கு ஏத்தினன். கொஞ்சம் முன்பாரம் இருந்தால்தானே வண்டில் பின்னாலை சரியாது?

புரூணோ பத்தடி நடந்தான். குந்தினான்.

"சரியான சோம்பேறி," எண்டன்.

அக்காவுக்கு வந்துதே கோவம்! "அவன் சோம்பேறியில்லை. முதல் நீர் அவன்ரை முதுகுப்பட்டியில கொழுவின அந்த வண்டில் தண்டைத் தூக்கிப் பாரும்!"

பிடிச்சன். மணிக்கட்டு மடங்கிப்போச்சு. மாட்டின்ரை கழுத்து அந்தப் பாரத்தைத் தாங்கும். நாயின்ரை முதுகு தாங்காது. எனக்கு வெக்கமாய்ப் போச்சு. வாயில்லாச் சீவன், கடிக்காமல் குரைக்காமல் என்ரை பிழையைக் காட்டிப்போட்டான்.

நாலு சில்லு வண்டில் ஒண்டைக் கொண்டந்தன். பாரம் முழுக்கச் சில்லில. முன்சில்லு திரும்பும். தண்டை ஒரு விரலாலை தூக்கலாம். இறக்கத்தில வண்டில் அவன்ரை பின்னங்காலில இடிக்காமல் இருக்க அக்காவின்ரை கைக்கு எட்டுற மாதிரி ஒரு பிரேக்கும் பூட்டினன். முதல் வெறும் வண்டிலைக் கட்டினம். இவனை நம்பலாமோ எண்ட மாதிரி புரூணோ ஒருக்கால் என்னைத் திரும்பிப் பாத்தான். பிறகு இழுத்தான் பாருங்கோ, என்ன ஒரு நடை! பாரத்தைக் கிழமை கிழமையாய்க் கூட்டினம்.

கோடையில பாக்க வந்த சங்கத்து ஆக்கள் குறை சொல்லேலாமல் திரும்பிச்சினம். தோட்டம் அக்காவோடையே நிண்டுட்டுது. எனக்கு ஒரு பை கத்தரிக்காய் வந்தது. புரூணோதான் இழுத்துக்கொண்டு வந்தான்.

இப்ப ஆர் நாய்வண்டில் கேட்டு வந்தாலும் பாரத்தை ஏத்திப்போட்டுத் தண்டை முதல் நான்தான் பிடிச்சுப் பாக்கிறன். என்ரை விரல் நொந்தால் அந்த வண்டில் நாய்க்கில்லை. சோம்பேறி எண்ட சொல்லையும் அண்டையோடை விட்டிட்டன்.