மரைக்காயர் ஜீப்பின் முன்சக்கரங்கள்

பழைய வண்டியைப் பழுது பார்ப்பது என்றால், முன்னால் யாரோ செய்துவைத்த ரிப்பேரை ரிப்பேர் செய்வது என்று அர்த்தம். பழைய வண்டி ஒன்றை வாசலில் நிறுத்திவிட்டு, காலையில் கிளம்புமா கிளம்பாதா என்ற கவலையோடு படுக்கப் போகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன சமயத்தில், பஸ் கம்பெனி வேலையை உதறிவிட்டு நெரவிச் சாலையில் சொந்தமாக ஷெட் போட்டேன். என் மாமனாருக்கு அதில் துளியும் சம்மதமில்லை. முதல் வண்டியாக வந்தது கூரை ஓடு விற்கும் சுல்தான் மரைக்காயரின் ஜீப். யுத்தத்தில் ஓடி, மதராசில் ஏலத்துக்கு வந்தது. மண்டபத்தூர்க் கடற்கரையில் இருந்த தம் தென்னந்தோப்புக்கு மணலில் போய்வரத்தான் அதை வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கும் என்று சொல்லி விற்றிருந்தார்கள். இழுத்ததோ பின்சக்கரம் மட்டும். மழைக்கு முன் மணலில் ஏறாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிடுவதாக மரைக்காயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்த வண்டி அது. அது காயலான் கடைக்குப் போனால் என் ஷெட்டையும் மூடவேண்டியதுதான்.

பின்கதவு

முன்சக்கரங்களை இழுக்கவைக்க கியர் பக்கத்தில் ஒரு குட்டிக் கைப்பிடி உண்டு. அதைத் தள்ளினால் அழகாக விழுந்தது. சக்கரம் மட்டும் அசையவில்லை. கியர் பெட்டியைப் பிரித்தேன், பல்லைத் தேய்த்துப் பார்த்தேன், மூடினேன். மறுபடி பிரித்தேன். ஒருநாள் கீழே விழுந்த நட்டைத் தேடி வண்டிக்கு அடியில் புகுந்தபோதுதான் விஷயம் விளங்கியது. பெட்டியிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டையே காணோம். ஆனையைக் காணாமல் அங்குசத்தைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மரைக்காயர் கடைக்கு ஓடினேன். விவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தவன் பாதியில் எழுந்து உள்ளே ஓடினேன். கடையின் பின்கதவுக்குக் குறுக்கே தாழ்ப்பாளாக, இரண்டு முனையிலும் மூட்டு ஆட, அந்தத் தண்டு கிடந்தது. சந்தோஷமாக அதைக் கழற்றப் போனேன். மரைக்காயருக்கோ அதை விட்டுக்கொடுக்க மனசே வரவில்லை. “வண்டியோட சும்மா கொடுத்த கம்பிதானேன்னு போட்டேன் தம்பி. அதைப் போட்டதிலேருந்து அல்லாஹ் புண்ணியத்துல ஒரு திருடன் எட்டிப் பாக்கல. இப்ப கதவுக்கு நான் எங்க போறது?”

வலப்பக்கத்து ஆசாமி

கதவுக்கு வேறு கம்பி கொடுத்துத் தண்டை வாங்கிவந்தேன். அதன் இரண்டு மூட்டுகளும் தேய்ந்துபோயிருந்தன. புதிது வாங்க நாகப்பட்டினம் போனோம். நம் ஊர் வண்டிகளுக்கு ஸ்டீயரிங் வலப்பக்கம். இந்த ஜீப்புக்கு இடப்பக்கம். நான் இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டினேன். வலப்பக்கம் மரைக்காயர், மதியச் சாப்பாடு முடிந்த அயர்வில் கையைக் கட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிவிட்டார். கடைத்தெருவில் ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு அலறியடித்து ஓடிவந்தார். வந்தவர் வலப்பக்கம் போய் மரைக்காயரின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகுதான் என் கையிலிருந்த ஸ்டீயரிங் அவர் கண்ணில் பட்டது. மூச்சு வாங்க என்னையும் மரைக்காயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “சரி, ஓட்டுறவரு முழிச்சுக்கிட்டுதான் இருக்காரு. ஆனா ஊரைத் தாண்டுற வரைக்கும் பெரியவரைத் தூங்கவிடாதீங்க. பாக்குறவங்களுக்கு உசுரு போயிடும்.”

புதுக் கூரை

தண்டை மாட்டியாகிவிட்டது. கிழிந்த கூரையையும் மாற்றிவிடலாம் என்று எனக்கு ஆசை வந்தது. தோணிகளுக்குப் பாய் தைக்கும் அந்தோணிசாமியிடம் கொடுத்தேன். மூலைக்கு மூலை கயிறு வைத்து, இரட்டைத் தையல் போட்டு, பார்த்தால் கண் பட்டுவிடும் என்கிற மாதிரி தைத்துக்கொடுத்தார். கடற்கரைச் சாலையில் ஏறியதும் கூரை உப்பிக்கொண்டது. நான் நேரே ஓட்டுகிறேன், வண்டி வயலைப் பார்த்துப் போகிறது. வாய்க்காலில் இறங்குவதற்குள் நிறுத்திவிட்டேன். திரும்பி வந்து சண்டை பிடித்தால், அந்தோணிசாமிக்கு முகமெல்லாம் பெருமை. “என் கையால தைச்சது காத்து புடிக்காம இருந்தாத்தான் நீங்க சண்டைக்கு வரணும்.”

மண்டபத்தூர்

ஐப்பசி பிறந்து வானம் கறுத்துக்கொண்டிருந்தது. புதுக் கூரையைக் கழற்றி வைத்துவிட்டு மரைக்காயரும் நானும் மண்டபத்தூர் போனோம். சாலை முடிந்து மணல் தொடங்கும் இடத்தில் டயர்களில் காற்றைக் குறைத்தேன். கைப்பிடியைத் தள்ளினேன். முன்சக்கரங்கள் மணலைக் கவ்வி, ஜீப் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. எனக்குக் கத்தவேண்டும் போலிருந்தது, கத்தினேன். மரைக்காயரும் கத்தினார்.

மேட்டிலிருந்து பார்த்தால் கரையில் ஒரே கூட்டம். அஞ்சப்பன் என்பவரின் கரைவலைப் படகு அலையில் குறுக்கே மாட்டிக்கொண்டு அடிபட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு அலைக்கும் பலகை முனகியது. ஊரே கயிற்றைப் பிடித்தும் படகு நகரவில்லை. “இன்னும் கொஞ்ச நேரம் போனா வெறகுதாங்க” என்றார் அஞ்சப்பன். மரைக்காயர் என்னைப் பார்த்தார். யோசிக்காமல் ஜீப்பை ஈரமணலில் பின்பக்கமாக இறக்கிக் கயிற்றைக் கட்டச் சொன்னேன். “அலை தூக்கறப்ப சொல்றேன், அப்ப இழுங்க” என்று தண்ணீரில் நின்றபடி அஞ்சப்பன் கை காட்டினார். அவர் கை இறங்கியதும் அழுத்தினேன். படகு ஒரு ஆட்டம் ஆடி நிமிர்ந்தது. அடுத்த அலைக்கு முழுசாகக் கரைக்கு வந்துவிட்டது.

ஆரவாரம் அடங்குவதற்குள் பெரிய அலை ஒன்று வந்து வண்டியை நனைத்துவிட்டுப் போனது. எஞ்சின் இரண்டு முறை செருமிவிட்டு நின்றது. என்ன செய்தும் கிளம்பவில்லை. அத்தனை பேரும் படகை விட்டுவிட்டு, அதே கயிற்றை ஜீப்பின் முன்னால் கட்டி, ஏலேலோ போட்டுக்கொண்டு சாலை வரைக்கும் இழுத்துவந்தார்கள். மரைக்காயர் முகத்தைப் பார்க்கப் பயந்து குனிந்தே நடந்தேன். காயலான் கடைதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அவரோ சாலையில் வந்து நின்று, வேட்டியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: “இனிமே இதை வித்தா படகுக்காரங்க என்னை ஊருக்குள்ள விடமாட்டாங்க தம்பி. நாளைக்கு உங்க ஷெட்டுக்கு அனுப்புறேன், இன்ஷா அல்லாஹ் சீக்கிரம் சரி பண்ணிடுங்க, ஆனா ஒரேயடியா சரி பண்ணி எங்களை மறந்துடாதீங்க.”

விற்க மனசு வராத அளவுக்கு ஓடவும் வேண்டும், ஷெட்டை மறக்காத அளவுக்கு நிற்கவும் வேண்டும், அப்படி ஒரு வண்டி அமைந்தால்தான் மெக்கானிக் தன் மாமனார் முகத்தில் விழிக்க முடியும்.