பழுப்பு உறைக்காரர்

திருப்பூரில் வழிப்பறியை ஒழித்தவர் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறார். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். ஒழிந்தது ஊர் முழுக்க அல்ல, ஒரு சந்தில். அங்கேயும் ஒழியவில்லை, பக்கத்துச் சந்துக்குக் குடிபோனது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் வாங்கிக்கொண்டு ஆட்கள் தெருவில் இறங்கும்போது, எங்கள் மாடிக் குமாரசாமியும் இறங்குவார். மொடமொடப்பான நீலச் சட்டை. மேல்பையில் ஒரு பழுப்புச் சம்பள உறை, பாதி வெளியே எட்டிப் பார்க்கும். சாயப்பட்டறைச் சந்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடப்பார், திரும்ப நடப்பார். யாராவது பறித்துக்கொண்டு ஓடமாட்டார்களா என்பதுதான் அவர் கவலை.

புத்தி பிசகியவர் இல்லை. கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றில் சமூகவியல் படித்தவர். இளம் வயதில் வழிப்பறிக்கு இறங்குகிறவர்களைப் பற்றி ஆராய எண்பத்தெட்டில் இங்கே வந்தார். இரண்டு வருட வேலை. அனுப்பி வைத்த பேராசிரியர் ஓய்வு பெற்று மகனோடு பெங்களூர் போய்விட்டார். அறிக்கை எங்கே என்று கேட்க இப்போது ஒருவருமில்லை. இவர் பகலில் டுட்டோரியலில் பாடம் நடத்துகிறார். ஆறாவது வருடமாக ஆராய்கிறார். கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால், "ஆய்வு முடியட்டுங்க" என்பார்.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்த பதினோரு பேரை முதலில் பிடித்தார். கோழிக்கடைச் சந்தில் ஏன் பறித்தீர்கள் என்று கேட்டதற்கு அத்தனை பேரும், வெளிச்சமில்லை என்றார்கள். மனு மேல் மனு எழுதி அங்கே ஒரு டியூப்லைட் போட வைத்தார். மறு மாதமே சாயப்பட்டறைச் சந்தில் பறிப்பு ஆரம்பமானது. "திருட்டைத் தொரத்தலீங்க. ஊடு மாத்தி உட்டிருக்கறேன்" என்றார் என்னிடம், கொஞ்சம் வெட்கத்தோடு.

அந்தப் பதினோரு பேரும் அவருக்குப் போதவில்லை. "மாட்டுனவன் போலீசுகிட்டச் சொன்னதையே எங்கிட்டயும் ஒப்பிக்கறானுங்க. மாட்டாதவன் ஒருத்தன் வாய் தொறக்கோணும்." அந்த ஒருத்தனுக்காகத்தான் உறை. உள்ளே ரூபாய் கிடையாது. நாற்பத்திரண்டு கேள்விகள் டைப் அடித்த தாள், ஒரு ரீஃபில் பேனா, எங்கள் வீட்டு விலாசம். கீழே அவர் கையெழுத்தில்: "ஞாயிறு மதியம் வா. போலீஸ் இல்லை. சோறு உண்டு."

இரண்டு வருடம் ஒருவரும் தொடவில்லை. அந்தச் சந்தில் நடந்தவர்களில் எதையும் பறிகொடுக்காத ஒரே மனிதர் இவர்தான் என்று நான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்.

போன ஆடியில் பறித்துவிட்டார்கள். சட்டைப் பை கிழிந்து தொங்க, முழங்கை சிராய்த்து, படியேறி வந்தார். "பறிச்சுட்டானுங்க" என்றார். மகளுக்கு வரன் அமைந்தவர் மாதிரி இருந்தது முகம்.

எதிர்வீட்டு ரத்தினசாமி போலீஸ்காரர். குமாரசாமியோடு செஸ் ஆட வாரம் ஒரு முறையாவது மாடிக்குப் போய்வந்தவர் இவர் ஒருவர்தான். "ஆளு எப்பிடி இருந்தான்னு மட்டும் சொல்லுங்க சார், நாளைக்கே தூக்கிடறேன்" என்றார்.

"அவன் பறிக்கலைங்க. நாந்தான் குடுத்தேன்."

"அப்ப முழங்கையையும் நீங்களே தேச்சுக்கிட்டீங்களா?"

"ஆமாங்க."

அதன் பிறகு ரத்தினசாமி மாடிக்குப் போவதில்லை. சம்பளம் பறிகொடுத்தவர்களும், திருடனுக்குப் பரிந்து பேசுகிறவர் என்று முகம் திருப்பினார்கள். டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவருக்கு டீ சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. இவரோ உறையைப் புதுசாக ஒட்டிக்கொண்டு இப்போதும் நடக்கிறார்.

ஆனால் ஒரு திங்கட்கிழமை அந்தத் தாள் அவர் கதவுக்கு அடியில் கிடந்தது. நாற்பத்திரண்டு கேள்விக்கும் முத்து முத்தாகப் பதில். அடுத்த ஞாயிறே பையனும் வந்து சேர்ந்தான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மாடியில் இரண்டு தட்டு.

இவ்வளவும் எழுதி, சத்தமாக வாசித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டிலும் மாடியிலும் பாத்திரம் கழுவுகிற நல்லம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்கம்மா இப்பிடி அளக்கறீங்க?" என்றாள். "காயிதம் வந்தது நெசம். எங்கிட்டக் காட்டுனாருங்க. ஒரே ஒரு கேள்விக்குத்தான் எழுதியிருந்துச்சு. ஞாயித்துக்கெழமை நீ யாரோட சாப்புடுவேன்னு கேட்டதுக்கு, யாரும் இல்லைன்னு. பையன் ஒரு நாளும் வரலீங்க."

பூண்டுத் தோலை முறத்தில் தள்ளினாள்.

"ரெண்டு தட்டு வெக்கறது நெசந்தானுங்க. ஒண்ணுல பருக்கை ஒட்டியிருக்கும். இன்னொண்ணு வெச்ச மாதிரியே கெடக்கும். இதை எதுக்குச் சார் கழுவோணும்னு கேட்டா, அவரே தண்ணி மோந்து அதுமேல ஊத்துவாருங்க."