என்னிடம் சொல்லி அனுப்பிய சேதிகள்

வலது மார்பில் கட்டி இருப்பது தெரிந்தபோது அது கொட்டைப்பாக்கு அளவு இருந்தது. அப்போது மலாயாவில், சுங்காய் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். ஜப்பான்காரன் வந்து இரண்டாவது வருஷம். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய், பால்வெட்டு நின்று, மரங்களுக்கு நடுவில் மரவள்ளி நட்டுக்கொண்டிருந்தோம். வரிசை வீடுகள் கொண்ட எங்கள் லயத்தில் பாதி வீடுகளில் ஆம்பளை இல்லை. சயாமில் ரயில் ரோடு போட வேண்டும், மூன்றே மாதத்தில் திரும்பி வந்துவிடலாம் என்று சொல்லி லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஏறினார். அதற்குப் பிறகு ஒரு கடுதாசி இல்லை, ஆள் வழியாக ஒரு வார்த்தை இல்லை. அவர் திரும்பி வரும்போது நான் உயிரோடு இருக்க வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லை.

தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரசர் சுவரைப் பார்த்துக்கொண்டே கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஈப்போவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ரயிலில் காம்பாரைத் தாண்டும்வரை அழுதேன். பிறகு அழுகையே அலுத்துவிட்டது.

ஈப்போ டாக்டர் நம் பாஷை பேசுகிறவர். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, இது புத்துநோய். எடுத்துடணும். ஆனா இன்னைக்குக் கத்தி வச்சா நீங்க தாங்க மாட்டீங்க. ஒடம்புல ரத்தமே இல்ல" என்றார். ஆறு வாரம் தவணை கொடுத்தார். முட்டை, மீன், கீரை சாப்பிட்டு உடம்பைத் தேற்ற வேண்டும். மூக்கில் மூடி வைத்து மயக்குவார்கள், அதனால் காலையில் மூச்சை இழுத்துவிட்டுப் பழக வேண்டும். அறுத்த பிறகு வலது கை கொஞ்ச நாளைக்கு மேலே தூக்க வராது, எல்லா வேலையையும் இப்போதே இடது கையால் செய்து பழகிக்கொள்ள வேண்டும்.

"எல்லாத்துக்கும் மேல மனசு. பயந்துக்கிட்டே மேசையில படுத்தா மயக்க மருந்து ஜாஸ்தி வேணும். என்கிட்ட இருக்கறதே கொஞ்சம்" என்றார்.

முட்டையாம்! நல்லா இருக்கே கதை. உப்புக்கே அல்லாடிக்கொண்டிருந்த காலம். கோழி வைத்திருந்தவர்கள் அதைச் சாமி மாதிரி கூடைக்குள் பூட்டி வைத்திருந்தார்கள். மூச்சும் இடது கையும் காசில்லாமல் கிடைக்கிற சமாச்சாரம் என்பதால் அதிலிருந்து ஆரம்பித்தேன். இடது கையால் தண்ணீர் இறைத்தேன், தலை வாரினேன், மரவள்ளி சீவினேன். ஒரு வெள்ளிக்கிழமை வாசலில் கோலமும் போட்டேன். அரிசி மாவு ஏது? அடுப்புச் சாம்பலை அள்ளித்தான் போட்டேன். இடது கை இழுத்த இழுப்புக்கு அது இடப்பக்கமாகவே சுற்றிக்கொண்டு போனது.

பக்கத்து வீட்டு அக்கா வாளியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவள் புருஷனும் என் புருஷனும் ஒரே லாரியில் போனவர்கள்.

"என்னாடி இது? சாம்பல்ல, அதுவும் எடப்பக்கமா?"

"டாக்டர்தான்கா எடது கையில பழகச் சொன்னாரு."

"டாக்டர் சொன்னாரா, வேற யாரும் வந்து சொன்னாங்களா?"

எங்கள் ஆட்களிடம் சாவுக்காரியம் மட்டும்தான் இடப்பக்கமாக நடக்கும். அது எனக்கும் தெரியும். ஆனால் கை வலிக்கிறபோது இதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது! மத்தியானத்துக்குள் லயம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் அக்கா வந்தாள். அந்தப் பருவத்தில் ரப்பர் காய்கள் வெயிலில் பட் பட்டென்று வெடித்துக் கொட்டைகள் தகரக் கூரையில் விழும். வேறு சத்தமே இல்லை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் காலடியில் உட்கார்ந்தாள். இரண்டு பாதத்தையும் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று இருந்தன.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. நீ போற எடத்துல அவரு இருந்தாருன்னா, ஆட்ட வித்துட்டேன்னு சொல்லிரு. ரொம்ப சூசா, கஷ்டம், வேற வழியில்லன்னு சொல்லு."

எனக்குப் புரியவே சற்று நேரம் பிடித்தது. பிணத்தின் காலடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிற பெண்கள், முன்னால் போனவர்களுக்கு அதனிடம் சேதி சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம். அவள் எனக்கு அதைச் செய்துகொண்டிருந்தாள்.

"நான் ஈப்போவுக்குப் போறேன்கா!"

"ஈப்போவுக்குத்தான். காய்ச்சல்னு ஈப்போவுக்குத் தூக்கிட்டுப் போன நம்ம ஆளுங்கள்ல யாருடி திரும்பி வந்தா?"

"எந்திரிச்சுப் போக்கா வெளிய!" என்று கத்தினேன். இரண்டு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த தைரியத்தை ஒரே நிமிஷத்தில் கலைத்துவிட்டாளே என்று ஆத்திரம் பொங்கியது. அவள் போனபிறகு என் கால்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். சூடாகத்தான் இருந்தன.

அவளைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? தினமும் விடியும்போது பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கு எடுக்க, எல்லாரும் திடலில் நிற்போம். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி பேர் வாசிப்பார். சயாமுக்குப் போனவர்கள் பேரை அடிக்கச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அதனால் அந்தப் பேர்களையும் வாசிப்பார். ஒவ்வொரு பேருக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்துவார். பனியில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அடுத்த பேருக்குப் போவார். பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தெரியாமல் அந்தப் பெண்கள் தினமும் அங்கே நின்றார்கள். நானும் நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அக்கா திரும்பவும் வந்தாள். முந்தானையில் ஒரு முட்டை இருந்தது. அவளுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர். முட்டையைப் பார்த்ததும் என் வாய் தானாகப் பேசிவிட்டது.

"இங்க பாருங்க. சேதி கொண்டுட்டுப் போனா போதுமா? பதில் வேணாமா? பதில் வேணும்னா நான் திரும்பி வரணும். அதுக்கு ஒடம்புல ரத்தம் வேணும். சாப்பாடு கொண்டாங்க, யாரு என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

கேலியாகத்தான் சொன்னேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு வந்தது. முட்டை, ஆற்று மீன், முருங்கைக் கீரை, ஒரு தடவை கோழி ஈரல்கூட. ஒவ்வொருத்தியும் தட்டை வைத்துவிட்டு என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்வாள். மகள் வயசுக்கு வந்துவிட்டாள். கூரை ஒழுகுகிறது. நீங்கள் பார்க்காத பிள்ளைக்குப் பல் முளைத்துவிட்டது. கல்யாணமாகி இரண்டே மாதத்தில் புருஷனை லாரியில் ஏற்றிவிட்ட ஒரு சின்னப் பெண்ணும் பாதத்தைப் பிடித்தாள்.

"சொல்ல ஒண்ணும் இல்லக்கா. அங்க இருக்காரா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வாங்க" என்றாள்.

உடம்பு தேறியது. ஆனால் ஊர் என்னை வேறு மாதிரி நடத்தத் தொடங்கியது. பாதையில் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி நின்றார்கள். நெருப்பு இரவல் கேட்டு யாரும் வாசலுக்கு வரவில்லை. "அவ நல்லா பாடுவா" என்று சொல்ல வேண்டிய இடத்தில், நான் பக்கத்தில் இருக்கும்போதே, "நல்லா பாடிக்கிட்டிருந்தா" என்றார்கள். மூச்சு இழுத்துப் பழகும்போது கண்ணை மூடினால் அந்த ஆம்பளைகள் எல்லாம் வரிசையாக நின்றார்கள். அவரவர் சேதியை மாறிப்போகாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தலை வாரும்போதுகூட வாய் முணுமுணுத்தது. பைத்தியம் பிடித்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

ஒரு நாள் பெரட்டில் கிராணி என் வீட்டுக்காரர் பேரை வாசித்துவிட்டு நிறுத்தினார். "இருக்காரு" என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தபிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது. கிராணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு கோடு போட்டார்.

ஆறு வாரம் முடிந்து ஈப்போவுக்குப் போனேன். விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் காலி பண்ணி, சோப்புப் போட்டுக் கழுவி, அக்குளை மழித்து, பச்சைத் தண்ணீர்கூட இல்லாமல் ஒரு பகல் இருந்தேன். மேசையில் படுத்தபோது டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்தார்.

"பயமே இல்லையே! எப்படிம்மா?"

"எனக்கு அங்க வேலை இருக்கு டாக்டர்" என்றேன். அவருக்கு விளங்கியிருக்காது. மூடியை வைத்தார்கள். பழகின மாதிரியே ஆழமாக இழுத்தேன்.

கண் விழித்தபோது நெஞ்சின் ஒரு பக்கத்தில் கட்டு மட்டும் இருந்தது.

மூன்று வாரம் கழித்துத் தோட்டத்துக்குத் திரும்பினேன். நான் வந்த மாட்டு வண்டியைப் பார்த்ததும் பெண்கள் திடலில் கூடிவிட்டார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. கடைசியில் அக்காதான் வந்து என் கையைக் கிள்ளினாள். நான் கத்தியதும் எல்லாரும் அழுதார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக வந்து காதோடு கேட்டார்கள்.

"அங்க இல்ல" என்று சொன்னேன். எல்லாரிடமும் அதையேதான் சொன்னேன். அந்தச் சின்னப் பெண் அதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டே திடலில் ஓட்டமாக ஓடினாள்.

"ஒங்க வீட்டுக்காரரு?" என்று அக்கா கேட்டாள்.

"அவரும் இல்லக்கா."

சண்டை முடிந்து லாரியில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர். சின்னப் பெண்ணின் புருஷன் வரவில்லை. அக்காவின் புருஷன் எலும்பும் தோலுமாக வந்து இறங்கினார். மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. நாலாம் நாள் அக்காவோடு வந்து, வாசலில் நின்றபடியே சொன்னார். என் வீட்டுக்காரர் போன முதல் மழைக்காலத்திலேயே காலராவில் செத்துப்போனாராம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கட்டி வருவதற்கு முன்பே போய்விட்டார்.

அவர் போனதும் அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அங்க இல்லன்னுதானடி சொன்ன?"

"ஒங்களுக்கெல்லாம் சொன்னது நெசமான்னு எனக்கே தெரியாதுக்கா. அந்த மயக்கத்துல நெறைய பேரு முதுகக் காட்டிக்கிட்டு நின்னாங்க. யாரு யாருன்னு தெரியல. ஒருத்தரு மட்டும் திரும்பினாரு."

அக்கா கையை எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியான்னு கேட்டாரு. சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னேன். சரின்னு தலையாட்டிட்டு, மறுபடி அந்தப் பக்கம் திரும்பிட்டாரு."