பக்கத்து வீட்டில் ஓடும் படங்கள்

அந்தப் படம் எனக்கு உண்மையாகவே பிடிக்கவில்லையா, இல்லை, என் மகள் அதை என்னோடு உட்கார்ந்து பார்க்காததால் பிடிக்கவில்லையா? யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

நீங்களும் பார்த்திருக்கலாம். லாரி ஓட்டும் அப்பாவுக்கு ஞாபகம் தவறிப்போகிறது. மகள் ஊர் ஊராகப் போய் அவரைத் தேடுகிறாள். பார்த்தவர்கள் எல்லாரும் அழுதார்களாம். நான் அழவில்லை. அப்பாவாக நடித்தவர் மறதி வந்தவர் மாதிரி இல்லை, சரியாகத் தூங்காதவர் மாதிரி இருந்தார். அந்தப் பெண் மழையில் அவ்வளவு தூரம் ஓடுகிறாள், கண் மை அப்படியே இருக்கிறது. இப்படி ஒவ்வொன்றாகக் குறை கண்டுபிடித்துக்கொண்டே பார்த்து முடித்தேன். அதுவும் எங்கே? நான் வேலை செய்யும் கிளினிக்கில், மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில், மதியச் சோறு சாப்பிடுகிற நேரத்தில், கைப்பேசியில், துண்டு துண்டாக. அப்படிப் பார்த்தால் எந்தப் படத்துக்கு அழுகை வரும் என்று நீங்கள் கேட்டால் அதுவும் நியாயம்தான்.

ஆனால் என் மகள் யாழினி அழுதிருக்கிறாள். ஆறு வயது. பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா மடியில் படுத்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அக்காவே வேலியோரம் நின்று சொன்னார்.

"உன் மக தேம்பித் தேம்பி அழுவுறா லா. என் துணியெல்லாம் ஈரம்."

பெருமையாகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன். உள்ளே வந்து பாத்திரம் கழுவும்போது, என் மடியில் இவள் கடைசியாக எப்போது அழுதாள் என்று யோசித்துப் பார்த்தேன். தடுப்பூசி போட்ட அன்று.

நாங்கள் இருப்பது மலாக்கா பக்கம், பெம்பானை ஒட்டி ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகள், இரண்டு வீட்டுக்கு ஒரே சுவர். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். பாலர் பள்ளி விட்டதும் யாழினி அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள்; அவளுக்கு அவர் பெரியம்மா. அக்காவின் பிள்ளைகள் சிங்கப்பூரில். வீட்டில் அக்காவும் ஒரு பெரிய டிவியும்தான். மதியத்தில் இருவரும் படம் பார்ப்பார்கள். அதில் அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தப் படமாக இருந்தாலும் பாதியில் நிறுத்திவிடுவார். கெரோப்போக் பொரிப்பார். அந்த மீன் அப்பளத்தைக் கொறித்துக்கொண்டே, இனி என்ன நடக்கும் என்று இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். மீதிப் படம் மறுநாள்.

ஆகவே மாலையில் என்னிடம் வருகிறவள் பாதிப் படத்தோடு வருகிறாள். போன வாரம் ஒரு பேய்ப்படம். பங்களாவில் இருக்கும் பேய்க்குக் கரப்பான்பூச்சி என்றால் பயம். இருவரும் சிரித்த சிரிப்பு, நான் வந்து கேட்டைத் திறக்கும்போதே கேட்டது.

"யாருடா அந்தப் பேய்?" என்று கேட்டேன்.

"நாளைக்குத்தாம்மா தெரியும். நானும் பெரியம்மாவும் ஒன்னு நெனச்சு வெச்சிருக்கோம்."

"என்னா நெனச்சீங்க? அம்மாகிட்ட சொல்லு."

"உங்ககிட்ட சொன்னா, பல்லு வெளக்கிட்டியான்னு கேப்பீங்க."

அன்றைக்கும் அதைத்தான் கேட்டேன். அந்தப் பேய்ப்படத்தையும் பிறகு பார்த்தேன். பிற்பாதி ரொம்ப இழுவை. இதிலும் என் கருத்தை நம்பாதீர்கள்.

தலை வாரிவிடும்போது அவள் முடியில் கெரோப்போக் எண்ணெய் வாசனை வருகிறது. எனக்கு எரிச்சலாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வாசனை என்னை லூபோக் சீனா பக்கம் நான் வளர்ந்த தோட்டத்துக்குக் கொண்டுபோய்விடுகிறது. எங்கள் லயத்து வீடுகளில் முதலில் விசிடி பிளேயர் வாங்கியது நாங்கள்தான். அப்பா லாரியில் மலாக்காவுக்குப் போகிற நாளில், தெங்கேராவில் நானா என்று நாங்கள் கூப்பிட்ட தமிழ் முஸ்லிம் கடைக்காரரிடம் படம் வாடகைக்கு எடுத்து வருவார். ஒரு படத்துக்கு மூன்று வட்டு. வட்டு மாற்றும் வேலை என்னுடையது. வேறு யாரும் தொட முடியாது. ஒரு வட்டு முடிந்ததும் அம்மா எழுந்துபோய் கெரோப்போக் பொரிப்பார். நான் அடுத்த வட்டை எடுத்துச் சட்டையில் துடைப்பேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன், மறுபடியும் துடைப்பேன். வீடு நிறைய ஆட்கள் எனக்காகக் காத்திருக்கிறார்கள் அல்லவா, அவசரப்படுவேனா?

ஒரு முறை நானா மூன்றாவது வட்டை மாற்றிக் கொடுத்துவிட்டார். வேறு படத்தின் கடைசி வட்டு. எங்களுக்குத் தெரியவில்லை. கதாநாயகனை போலீஸ் பிடித்த இடத்தில் இரண்டாவது வட்டு முடிந்தது. மூன்றாவதைப் போட்டால் வேறு ஆள் பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறார்.

"என்னா இவன், முடி வெட்டிட்டான்?" என்றார் அம்மா.

"ஜெயிலுக்குப் போனா வெட்டுவாங்கதானே," என்றார் எதிர்வீட்டு ராசாத்தி அத்தை.

"ஜெயிலுக்குப் போயா இம்புட்டு செவப்பா வந்தான்?" என்று அப்பா கேட்டார்.

"உள்ளயே இருந்தான்ல அண்ணே. வெயிலு படல."

அத்தை அப்படிச் சொன்ன பிறகு யாருக்கும் சந்தேகம் இல்லை. புதிதாக வந்த கதாநாயகியைப் பழையவளின் தங்கை என்று முடிவு செய்தோம். கடைசியில் கல்யாணம். எல்லாருக்கும் மனம் நிறைந்துவிட்டது. வட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோதுதான் நானா தலையில் கைவைத்துக்கொண்டு, "அண்ணே, அந்தப் படத்துல அவன் செத்துருவான் அண்ணே," என்றாராம்.

சமீபத்தில் அந்தப் படத்தைத் தேடிப்பிடித்து, அதன் சொந்த முடிவோடு பார்த்தேன். மகா மட்டம். ஆள் சாகிறான், எல்லாரும் அழுகிறார்கள், அவ்வளவுதான். ராசாத்தி அத்தை எடுத்த படம் நன்றாக இருந்தது.

இதை யாழினியிடம் சொன்னால் சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன். சிரித்தாள். "பெரியம்மாகிட்ட சொல்லணும்," என்று ஓடினாள்.

சரி, நாமே அழைத்துப்போவோம் என்று போன சனிக்கிழமை மலாக்காவில் தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். தாயைத் தொலைத்த யானைக்குட்டி கார்ட்டூன் படம். நல்ல படம், இதை நான் சுத்தமான மனத்தோடு சொல்கிறேன். குட்டி ஆற்றில் விழுந்ததும் யாழினி என் கையைப் பிடித்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது கேட்டாள்.

"அம்மா, எப்ப நிறுத்துவாங்க?"

"தியேட்டர்ல நிறுத்த மாட்டாங்கடா."

"அப்ப எப்படி யோசிக்கிறது?"

பாப்கார்னை நீட்டினேன்.

அக்காவிடம் ஏதாவது குறை இருந்தால் நன்றாக இருக்கும். இங்கேயே எடுத்த ஒரு தமிழ்ப் படம், பையன்கள் பாராங் கத்தியோடு வெட்டிக்கொள்கிற கதை, வந்தது. எங்கள் பக்கத்துச் சாலைகள் மாதிரியே இருந்ததால் எனக்குப் பிடித்தது. அதை அக்கா பிள்ளைக்குக் காட்டவே இல்லை. "நீ வீட்ல போட்டுறாத லா, ரத்தம் ரொம்ப," என்று எனக்குப் புத்தி வேறு சொன்னார். நான் அதை முந்தின நாளே யாழினி கூடத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போது போட்டிருந்தேன்.

அடுத்த ஆண்டு யாழினி ஆரம்பப் பள்ளியில் முதலாம் ஆண்டுக்குப் போகிறாள். பள்ளிக்குப் பக்கத்தில், பிள்ளைகளை மாலைவரை பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. வீட்டுப்பாடம் செய்ய வைப்பார்கள், ஆங்கிலம் சொல்லித்தருவார்கள், டிவி கிடையாது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் இடம் உண்டு என்று அங்கிருக்கும் டீச்சர் சொல்லியிருக்கிறார். என் கணவரிடம், மாமியாரிடம், கிளினிக்கில் எல்லாரிடமும் ஒரே காரணம் சொல்லிவைத்திருக்கிறேன்: பிள்ளை அதிகம் படம் பார்க்கிறாள்.

கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "படம் பிரச்சினையா, அக்கா பிரச்சினையா?"

"படந்தான்."

"அப்ப நீ ஏன் ஒன்னு விடாம எல்லாத்தையும் பாக்குற?"

"பிள்ள என்னா பாக்குதுன்னு தெரிய வேணாமா?"

"பொறாமப்படாத லா," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நேற்று எனக்கு விடுமுறை. அக்கா வாசலில் நின்று, "நீயும் வா லா, புதுப் படம் போடுறோம்," என்று கூப்பிட்டார். துணி மடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். சுவரை ஒட்டி உட்கார்ந்து துணி மடித்தேன். பாதியில் படம் நின்றது. எண்ணெய் காயும் வாசனை வந்தது. இருவரும் ஏதோ வாக்குவாதம் செய்தார்கள், என்னவென்று புரியவில்லை.

அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அடுத்தது என்ன என்று யாருக்குமே தெரியாது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரியாது. இப்போது அவரவர் கையில் அவரவர் படம். நான் என் மகள் பார்த்து முடித்ததை, அவளுக்குப் பின்னால், தனியாக, பெட்டிகளுக்கு நடுவில் பார்க்கிறேன்.

வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. பிள்ளையை அந்த டீச்சரிடம் விட்டால் மதியத்தில் அக்கா யாரோடு படம் பார்ப்பார் என்பதும் மனத்தை அரிக்கிறது. விடாவிட்டால் நான் இப்படியே சுவர் ஓரம் உட்கார்ந்திருப்பேன். உங்கள் பிள்ளை இன்னொருவர் மடியில் இப்படி அழுதால், இப்படிச் சிரித்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். "பொறாமைப்படாதே" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை என் கணவர் சொல்லிவிட்டார்.