விசாரிக்க வந்தவர்

என்னை நாலு வருஷம் காதலித்தவன், வளைகுடாவுக்குப் போன ஆறாம் மாதம் அம்மா பார்த்த பெண்ணுக்குத் தலையாட்டிவிட்டு, "நீ புரிஞ்சுக்குவே" என்று ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பினான். போனில் சொல்லக்கூடத் துப்பில்லை. வீட்டிலும் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. நான் அழுதால் அக்கம்பக்கம் கேட்கும் என்று அம்மா டி.வி. சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

இரண்டு வருஷம் கழித்து, 2010இல், அண்ணன் என்னை இணையத்தில் வரன் பார்க்கும் தளம் ஒன்றில் ஏற்றினான். 'அடக்கமானவள்' என்று எழுதினான். கூடப் பிறந்தவளை அவ்வளவுதான் தெரியும். போட்டோ போட்டால் மானம் போய்விடுமாம். ஆண்களுக்கு அந்தக் கவலை இல்லை. அடுத்தவன் காரில் சாய்ந்து, கறுப்புக் கண்ணாடி மாட்டி நின்றார்கள். அத்தனை பேருக்கும் 'குடும்பப் பாங்கான' பெண் வேண்டும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

ஒருவர் மட்டும் புருவமெல்லாம் கல்தூசியோடு இருந்தார். மயிலாடியில் சிற்பப் பட்டறை. பொழுது போகாமல் அவருக்குப் பதில் எழுதத் தொடங்கி, வீட்டுக்குத் தெரியாமல் இரண்டு மாதம் எழுதினேன். எங்கே வேலை என்று சொல்லவில்லை. பழைய கதையையும் மறைத்தேன். சொன்னால் போய்விடுவார் என்று பயம். நேரில் பார்க்கலாமா என்று அவர் கேட்டபோது பதிலே போடவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பெண்ணைப் பற்றி அறியத் தெருமுனைக் கடையில்தான் விசாரிப்பார்கள். மார்த்தாண்டத்தில் எங்கள் தெருமுனையில் இருப்பது மருந்துக்கடை. அதில் பில் போடுகிறவள் வாத்தியார் மகளான நான்தான். எத்தனையோ மாப்பிள்ளைகளின் மாமன்மார் தலைவலி மாத்திரை வாங்கும் சாக்கில் வந்து, என்னைப் பற்றி என்னிடமே ரகசியமாகக் கேட்டிருக்கிறார்கள். அறிவுக்கொழுந்துகள். சோம்பேறி, வாயாடி என்று ஏதாவது சொல்லி ஓட்டிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை அவரும் வந்து நின்றார். போட்டோவில் பார்த்த அதே முகம்.

"இந்தத் தெருவுல வாத்தியாருக்க மக உண்டே, அவிய எப்படி?"

இவனும் இவ்வளவுதானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு மாதம் இனிக்க இனிக்க எழுதிவிட்டு மோப்பம் பிடிக்க வந்திருக்கிறான்.

"நாலு வருஷம் ஒருத்தன்கூட சுத்துனா. கன்னியாகுமரியில அவங்க ரெண்டுபேரும் இருக்காத பாற கெடையாது. அவன் வேண்டாம்னு போயிட்டான். நீங்க வேற எடம் பாருங்கோ" என்றேன்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டேன். இனி வந்த வழியே போவான் என்று பில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"போனவன் போட்டும். அவிய இப்பம் அழாம இருக்காவளா?"

இரண்டு வருஷத்தில் ஒரு ஜென்மமும் என்னிடம் அதைக் கேட்டதில்லை, பெற்றவள் உட்பட. பதில் சொல்ல வாயெடுத்தேன், கேவல்தான் வந்தது. கையில் மாத்திரை அட்டையோடு, கடைக்கு வந்தவர்கள் பார்க்க, நின்று அழுதேன். நான் யார் என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கும். இருமல் மருந்து வாங்க வந்த ஒருவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். ஆனால் போகவில்லை. இன்றுவரைக்கும் போகவில்லை.