குரோய்டனில் குங்குமப்பூ

ஐந்து நாள் பள்ளிக்கூடம் போய்க் களைத்த பிள்ளையிடம், ஆறாம் நாளும் பள்ளிக்கூடம் உண்டு என்று சிரித்த முகத்தோடு சொல்வதுதான் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஆசிரியையின் தொழில். சம்பளம் கிடையாது, தேத்தண்ணீரும் ஒரு ரோல்ஸும் உண்டு. லண்டனில் இதே பாடுபடுகிறவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பரீட்சையில் வருமோ?

தென் லண்டன் நோர்பரியில் என் வகுப்பின் கடைசி அரை மணி நேரத்தில் ஊர்ப்பெயர்கள் படிப்பிக்கத் தொடங்கினேன். நாம் குடியிருக்கும் இடத்துக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? எனக்கே தெரியாத பாடம் என்பதால் எனக்குத்தான் ஆசை கூட. பரீட்சைப் பாடத்தில் வாயே திறக்காத அபிராமி, இந்த அரை மணி நேரத்தில் மட்டும் மூச்சுவிடாமல் கேள்வி கேட்டாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

பள்ளியின் செயலாளர் சிவநேசன் அண்ணைக்கு இது பிடிக்கவில்லை. கட்டுரைப் பயிற்சிக்கு நேரம் போதவில்லையாம். பள்ளித் தவணை முடிவில் பெற்றோர் கூட்டம். அங்கே கை தூக்கச் சொல்லி, பெரும்பான்மை வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவது என்று தீர்ப்பு. அபிராமி மறுபடி வாயை மூடிக்கொள்வாளே என்பதுதான் என் கவலை. அவரோ அன்பாகத்தான் கேட்டார்: "நல்ல விஷயம்தான் ரீச்சர், ஓம். ஆனா பரீட்சையில வருமோ?"

பூவைக் காணோம்

எங்கள் பக்கத்து ஊரான குரோய்டனின் பெயருக்குக் குங்குமப்பூ விளைந்த பள்ளத்தாக்கு என்று புத்தகங்கள் பொருள் சொல்கின்றன. இதை வீட்டில் சொல்லி, வீட்டார் என்ன சொன்னார்கள் என்று எழுதி வரச் சொன்னேன். அபிராமி வெறும் தாளோடு வந்தாள். பின்னாலேயே அவள் தகப்பன். பஸ் ஓட்டுகிறவர், சீருடையோடு நின்றார்.

குரோய்டன் என்றால் அவருக்கு ஒரேயொரு கட்டடம்தான். அகதி வழக்குக்காகக் கோப்புக் கட்டைச் சுமந்துகொண்டு போய் வந்த, அந்தப் பெரிய குடிவரவு அலுவலகம். அதைப் பற்றி மகளிடம் அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. கோபமாக வந்திருக்கிறார் என்று பயந்தேன். இல்லை, மனிதருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "கன வருஷம் அங்க போய் வந்தனான் ரீச்சர். ஒரு பூவையும் காணேல்லை."

வீடியோக் கடையடி

அடுத்த வீட்டுப்பாடம்: வரைபடத்தில் இல்லாத, ஆனால் வீட்டில் புழங்குகிற பெயர்கள். எங்கள் ஆட்கள் எதைக் கண்டாலும் பின்னால் 'அடி' போட்டு ஓர் இடமாக்கிவிடுவார்கள், ஆலடி, சந்தியடி என்று. லண்டனிலும் விடவில்லை. மீன்கடையடி வந்தது. 'மாமா சறுக்கி விழுந்த ரவுண்டபவுட்' வந்தது. அபிராமி கொண்டுவந்தது 'வீடியோக் கடையடி'.

அது ஒரு பஸ் தரிப்பிடம். அங்கே இப்போது நகம் அலங்கரிக்கும் கடைதான் இருக்கிறது. அபிராமி உள்ளே போய் விசாரித்தாளாம். வீடியோக் கடை என்றால் என்னவென்று அங்கே வேலை செய்யும் பெண்ணுக்குத் தெரியவில்லை. நானும் அந்த இடத்தை அப்படித்தான் சொல்கிறேன். கடை மூடிப் பல வருடங்களாகியும் ஒருநாளாவது யோசித்தேனா? அபிராமி யோசித்தாள். "குரோய்டனில பூ இல்லை, இங்க வீடியோ இல்லை. அப்ப ரெண்டும் ஒரே கதைதானே ரீச்சர்?"

கை தூக்கும் நேரம்

பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளின் பெயர் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினோம். கை தூக்குமுன் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்றார் சிவநேசன் அண்ணை. அங்கேதான் பிழைவிட்டார். வீடியோக் கடை சிக்னலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று இரண்டு தகப்பன்மார் மல்லுக்கட்ட, தாய்மார் தங்கள் பங்குக்குப் பெயர்களை அள்ளிக் கொட்ட, முக்கால் மணி நேரம் போய்விட்டது. நடுவில் நின்று சாட்சி விசாரித்தவள் அபிராமி, அதுவும் நல்ல தமிழில்.

அவள் தகப்பன் கடைசியாக வந்தார். வரைபடத்தில் அந்தக் குரோய்டன் கட்டடத்தின் மேல் பிள்ளைகள் 'விசாக் கட்டடம்' என்று எழுதியிருந்தார்கள். பேனையை வாங்கி அதன்மேல் கோடு கிழித்துவிட்டு, 'கோயிலடி' என்று எழுதினார். ஏன் அப்பா என்று அபிராமி கேட்டாள். "உள்ள போக முதல் எல்லாரும் வாசல்ல நிண்டு கும்பிடுவம் பிள்ளை. அதால நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறனாங்கள்" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வாக்கெடுப்பை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நான்தான் பயந்து பயந்து நினைவூட்டினேன். சிவநேசன் அண்ணை வரைபடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கோயிலடிக்கு நானும் போனனான் ரீச்சர். அரை மணித்தியாலம் காணாது, ஒரு மணித்தியாலமா எடுங்கோ."

பிள்ளைகளுக்கு ஊர்ப்பெயர் படிப்பிக்கப் போனவளின் அனுபவம் இவ்வளவுதான்: வீட்டுப்பாடத்தை மகளிடம் கொடுத்தேன், செய்து முடித்தவர் தகப்பன்.