திபிலிசியில் நான் பிடித்த மினிபஸ்

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்து கங்காரு நாட்டுக்கு வந்து, செவன் ஹில்ஸில் ஐந்து அறை வீட்டைக் கட்டியவன். கந்தோர் கந்தோராகப் போய் அலுவலகத் தரையைக் கூட்டித் துடைக்கும் வேலையில் தொடங்கி, கடைசியில் நாற்பது பேருக்குச் சம்பளம் கொடுத்தவன். அதில் இரண்டு பேர் எஞ்சினியர்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை, கேட்கத்தான் ஆளில்லை. மனைவி காலமாகிவிட்டாள், மகள் மெல்பேர்னில். ரயிலில் ஏறினாலும் பக்கத்தில் இருப்பவர் காதில் எதையோ செருகிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார்.

பக்கத்து ஊரான ஹரிஸ் பார்க்கில் ஒரு கடையில் தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு சிநேகிதர்தான் ஜோர்ஜியாவைப் பற்றிச் சொன்னார்.

"அங்க மினிபஸ் நிரம்பினாத்தான் வெளிக்கிடும் அண்ணை. எங்கட யாழ்ப்பாணத்து மினிபஸ் மாதிரித்தான். ஏறி இருந்தா காணும், ஊர், பிள்ளை குட்டி எல்லாம் விசாரிச்சுப் போடுவினம்."

அந்த விசாரிப்புக்காகவே டிக்கெட் எடுத்தேன். மகளுக்குப் பிடிக்கவில்லை.

"உங்களுக்கென்னப்பா, காசில்லையோ? தனிக் கார் ஒண்டு புக் பண்ணித் தாறன்."

"காரில போய் டிரைவற்ற பிடரியைப் பாக்கவோ? நான் சனத்தோட போகப் போறன்."

ஜோர்ஜியாவின் தலைநகரான திபிலிசியில், பஸ் நிலையத்தில் சாரதிகள் ஊர்ப்பெயர்களைக் கூவிக்கொண்டு நின்றார்கள். மலைப்பக்கத்து ஊர் ஒன்றுக்குப் போகும் மினிபஸ்ஸில் ஏறினேன். உள்ளே இரண்டே பெண்கள். என் வயதுக்காரி ஒருத்தி, அவளுடைய மகள் போல ஒருத்தி. மூத்தவள் தன் பாண் ரொட்டிப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்துச் சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

எங்களுக்குள் பொதுவாக ஒரு பாஷையும் இல்லை. கையாலேயே கதைத்தோம். எந்த ஊர் என்று புருவத்தை உயர்த்தினாள். கங்காரு மாதிரித் துள்ளிக் காட்டினேன். மகள்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். மூத்தவள் என் மோதிரத்தைத் தொட்டுக் கேட்டாள். நான் மேலே காட்டினேன். அவளும் தன் மோதிரத்தைத் தொட்டு மேலே காட்டினாள். பிள்ளை எத்தனை? நான் ஒரு விரல் காட்டினேன். அவள் நாலு விரலை நீட்டி, ஒன்றுதானா என்று என் தோளில் இடித்தாள். சூரியகாந்தி விதையை என் உள்ளங்கையில் கொட்டினாள். என்ன தொழில் என்று கேட்டதும், தொடக்கத்திலிருந்தே சொல்லுவோம் என்று, தும்புத்தடியால் கூட்டுவதுபோல் செய்து காட்டினேன்.

அவள் முகம் இரங்கிவிட்டது. பாணைப் பாதியாகப் பிய்த்து என் கையில் திணித்து, பாவம் என்பதுபோல் முதுகைத் தடவினாள்.

நாற்பது பேருக்கு முதலாளியாக இருந்தவனை ஒருத்தி கூட்டுகிறவன் என்று நினைத்துப் பரிதாபப்படுவதா? அதை நான் எப்படி விட்டுவிட்டு இருப்பேன்? எழும்பிப் போய்ச் சாரதியிடம் காசுக்கட்டை நீட்டினேன். மிச்சச் சீட்டெல்லாம் என் கணக்கு, உடனே எடு என்று கையைச் சுழற்றிக் காட்டினேன். இவர்களும் நேரத்தோடு போய்ச் சேரட்டும் என்றுதான் நினைத்தேன்.

"ஆல்? பிரைவேட்?" என்றான்.

"யெஸ், யெஸ், ஆல்," என்றேன்.

அவன் நேரே போய் அந்தப் பெண்களின் பைகளைத் தூக்கிப் பின்னால் நின்ற மினிபஸ்ஸில் வைத்தான். "நோ, நோ, அந்த ரெண்டு பேரும் வரட்டும்," என்று நான் கத்தினேன். அவன் பெருவிரலை உயர்த்தி, "வி.ஐ.பி.!" என்றான். மூத்தவள் இறங்கும்போது என்னையும் காசையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் கையைக் காட்டிக் கூப்பிட்டேன். அவள் திரும்பவில்லை.

வழியெல்லாம் வெறும் சீட்டுகளின் பெல்ட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டிருந்தன. நல்ல காசு வாங்கியவன், நன்றாகக் கவனித்தான். நீர்த்தேக்கம் ஒன்று வந்ததும் நிற்பாட்டி, என்னை இப்படியும் அப்படியும் நிறுத்திப் படம் எடுத்தான். அந்த நேரம் பார்த்து, பஸ் நிலையத்தில் எங்களுக்குப் பின்னால் நின்ற அந்த மினிபஸ் ஆட்களால் நிரம்பி வந்தது. நான் பாதைக்கு ஓடிக் கையை நீட்டினேன். வேகம் குறைந்தது. அதன் சாரதி உள்ளே காட்டி, இடமில்லை என்று கையை விரித்தான்.

ஜன்னலோரம் மூத்தவள். பக்கத்தில் இருந்த ஒரு கிழவனிடம் விதைப் பொட்டலத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கதையை நிறுத்தி, முதலாளிமாருக்குச் செய்வதுபோல் தலையை மெதுவாகக் குனிந்தாள். நானும் குனிந்தேன். மினிபஸ் போய்விட்டது.

என் சாரதி கதவைத் திறந்து பிடித்தபடி, விரும்பிய இடத்தில் இருக்கலாம் என்று கையால் சீட்டுகளைக் காட்டினான்.